கைதான கப்பலில் ஒரு மாப்பிள்ளை

டிசம்பர் முதல் வாரம், காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு மின்விளக்கு. கம்பிக் கூண்டுக்குள் எரிந்த வெள்ளை விளக்கு, மூன்று மாடி உயரத்தில் இருட்டில் தனியாகத் தொங்கியது. அதன் கீழே ஒரு கப்பல் இருக்கிறது என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது. முந்தைய நாள் நான் வேலை முடித்துப் போனபோது அந்தத் துறை வெறுமையாக இருந்தது. மாலையில் இழுவைப் படகுகள் அதைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போயிருந்தன.

ஏரிக்கரையில் இருக்கும் ரொறன்ரோத் துறைமுகத்தின் கிழக்குப் பக்கத்தில், ஒரு தனியார் துறையின் வாசலில் நான் அப்போது காவல் வேலை செய்துகொண்டிருந்தேன். காலை ஆறிலிருந்து பிற்பகல் இரண்டு வரை. ஊரில் பத்திரிகையில் இருந்தவன். இங்கு வந்தும் சில காலம் ஒரு வாரப் பத்திரிகையில் இருந்தேன். அது நின்றபின் இந்த வேலைக்கு வந்தேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. யார் வந்தார், என்ன சொன்னார், எப்போது போனார் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

இரவுக் காவலாளி சாவியைத் தரும்போது, கப்பலைக் கைது செய்திருக்கிறார்கள் என்றார். சொல் சரியானதுதான். கடற்சட்டத்தில் கப்பலையே கைது செய்யலாம். உரிமையாளர் வேறொரு நாட்டில் கடன் கட்டமுடியாமல் வங்குரோத்தாகிவிட்டார். அவரிடம் வரவேண்டியது உள்ளவர்கள் இங்கே நீதிமன்றத்துக்குப் போனார்கள். சீனியை இறக்கிவிட்டுத் திரும்பப் புறப்பட இருந்த கப்பலின் கண்ணாடியில் கட்டளையைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். அதன்பிறகு அது அசையக்கூடாது. மூலையில் இருந்த எங்கள் துறை வாடகை குறைந்தது என்பதால் அங்கே இழுத்துவந்து நிறுத்தினார்கள்.

மாலுமிகளில் பெரும்பாலானவர்களைப் பத்து நாட்களுக்குள் விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நான்கு பேர் மிஞ்சினார்கள்: கப்டன், சமையல்காரர், தளத்தில் வேலை செய்யும் ஒருவர், நாலாவது என்ஜினியர். கப்பலின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நின்றால் குழாய்கள் உறைந்து வெடிக்கும். அதற்காகத்தான் என்ஜினியரை வைத்திருந்தார்கள். ஜெனரேட்டர்கள் இரண்டு. ஒன்றை நிறுத்தி மற்றதை ஓட்டும்போது கப்பலின் விளக்குகளெல்லாம் ஒருமுறை அணைந்து எரியும். நாளடைவில் அதைப் பார்த்தே கீழே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

கப்பலில் இணையம் துண்டிக்கப்பட்டிருந்தது. அதற்கும் உரிமையாளர்தான் பணம் கட்டவேண்டும். ஆகவே நான்கு பேரும் மாறிமாறி என் காவல் கூண்டுக்கு வந்தார்கள். அங்கே வைஃபை இருந்தது, ஒரு ஹீட்டர் இருந்தது, உட்கார ஒரு மேலதிகக் கதிரை இருந்தது. அப்படி வரத் தொடங்கிய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நான் வீட்டுக்குத் தொலைபேசியில் "ஓம், ஓம், பால் வாங்கிக்கொண்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, கதவருகில் செம்மஞ்சள் உடுப்போடு நின்ற இளைஞர் முகம் மலர்ந்தார்.

"அண்ணாச்சி தமிழா?"

"ஓம்."

"சிலோனா?"

"யாழ்ப்பாணம்."

"அட! எங்களுக்கு எதிர்த்தாப்புல. நான் தூத்துக்குடி அண்ணாச்சி. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல கொஞ்சம் தண்ணிதான் கெடக்கு."

அவர்தான் நாலாவது என்ஜினியர். வயது முப்பது இருக்கும். கப்பலில் மற்றவர்கள் அவரை அழைத்த பெயருக்கு அவர்கள் மொழியில் மாப்பிள்ளை என்று பொருள் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் அப்படியே கூப்பிட்டேன். தை மாதம் அவருக்குக் கல்யாணம். முதலில் ஆவணியில் நிச்சயித்திருந்தார்கள். கப்பல் ஒப்பந்தத்தை மூன்று மாதம் நீட்டியதால் தள்ளிப்போட்டார்கள். இப்போது மண்டபம் பேசி, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. இன்னொருமுறை தள்ளிப்போடப் பெண்வீட்டார் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"ஒரு தடவ தள்ளிப்போட்டா கப்பக்காரன்னு சொல்லுவாவ. ரெண்டாந் தடவ தள்ளிப்போட்டா வேற என்னமோ இருக்குன்னு சொல்லுவாவ அண்ணாச்சி."

காவல் கூண்டின் சுவரில் மூன்று பழைய புகைப்படங்கள் மாட்டப்பட்டிருந்தன. துறையின் சொந்தக்காரர் தன் அலுவலகத்தைப் புதுப்பித்தபோது அங்கே பொருந்தாமல் போனவை. மூன்றும் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்தவை. ஓய்ந்த நேரங்களில் அவற்றை நான் ஒரு அச்சுப்படியைப் பார்ப்பதுபோல மூலைமூலையாகப் பார்த்திருக்கிறேன்.

முதலாவதில் நகரத்தின் நடுத் துறை. நீராவிக் கப்பல்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. புகை ஒரே திசையில் சாய்ந்திருக்கிறது, தெற்கிலிருந்து காற்று. ஆண்கள் எல்லோரும் தொப்பி போட்டிருக்கிறார்கள். ஒரு பெண் வெயிலுக்குக் குடை பிடித்திருக்கிறாள். கரையில் கைபிடி வைத்த கூடைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. நயாகராப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஏரியைக் கடந்து வந்த பழங்கள். ஒரு சுமைதூக்கி கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு கமெராவை முறைத்துப் பார்க்கிறான். கூட்டத்தில் அவன் ஒருவன்தான் கமெராவைப் பார்க்கிறான்.

இரண்டாவது படத்தில் சேற்றை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று மிதக்கிறது. அதிலிருந்து தடித்த குழாய் வெளியே வந்து சதுப்பு நிலத்தில் சேற்றைக் கக்குகிறது. என் கூண்டும் துறையும் நான் பஸ்ஸிலிருந்து இறங்கும் தெருவும் நிற்பது அந்தச் சேற்றின்மேல். அதற்கு முன் இது கோரையும் தண்ணீரும். நகரத்தின் பழைய கரை இன்றைய இரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெரு. தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். சமுத்திரக் கப்பல்கள் வரிசைகட்டி வரும் என்று நம்பி அகலமான வாய்க்கால் வெட்டினார்கள், துறைகள் கட்டினார்கள். வாய்க்கால் இன்னும் அப்படியே இருக்கிறது. கப்பல்கள் பெருத்துப்போய், ஏரிக்கு வரும் வழியில் உள்ள மதகுகளுக்குள் நுழையமுடியாதவையாகிவிட்டன. இன்று ரொறன்ரோவின் சரக்கு பிறம்ரன் புறநகரில், ஏரியைக் காணாத பண்டகசாலைகளில், லொறியிலிருந்து இறங்குகிறது.

மூன்றாவது படம் குளிர்காலம். ஏரி உறைந்துவிட்டது. கப்பல்களைக் கயிற்றால் ஒன்றோடொன்று கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் பனி. ஒரு கப்பலின் சிறு புகைபோக்கியில் மட்டும் புகை வருகிறது. அதன் தளத்தில் ஒரு மனிதன் பனி அள்ளும் சவளோடு நிற்கிறான். முகம் தெரியவில்லை. குளிர்காலம் முழுவதும் கப்பலில் தங்கியிருந்து பனியை வழித்து, அடுப்பை எரித்து, கயிறுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை வைப்பது அந்தக் காலத்து வழக்கம்.

மாப்பிள்ளை இந்தப் படத்தை முதல்முறை பார்த்தபோது சட்டத்தின் கண்ணாடியில் மூக்கு ஒட்டும் அளவுக்குக் கிட்டப் போனார்.

"எப்ப வரைக்கும் இருப்பான் அண்ணாச்சி இவன்?"

"ஏப்ரல் வரை இருக்கும். ஐஸ் உருகும் மட்டும்."

"ம்." தேநீரை ஊதிக் குடித்தார். "ஏப்ரல்னு அவனுக்குத் தெரியும்லா."

அஜின்கோர்ட்டில் நான் சாப்பாடு எடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. முதல்நாள் மாலையில் வாங்கி வைத்து மறுநாள் கொண்டுபோவேன். கப்பலில் சமையல்காரர் மிச்சமிருந்த அரிசியையும் டின் மீனையும் வைத்து ஒரே சாப்பாட்டைச் செய்துகொண்டிருந்ததால், டிசம்பர் நடுவிலிருந்து நான் இரண்டு பார்சல் வாங்கத் தொடங்கினேன். கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"என்னண்ணை, ரெண்டு? வீட்டிலை ஆரும் வந்து நிக்கினமோ?"

"இல்லை. கப்பலிலை ஒரு தமிழ்ப் பெடியன் நிக்கிறான்."

அவருடைய கரண்டி நின்றது. குரலைத் தாழ்த்தினார். "கப்பலிலையோ? எத்தினை பேர்?"

"அப்பிடி அகதிக் கப்பல் இல்லை. சீனிக் கப்பல். தூத்துக்குடிப் பெடியன், அதிலை வேலை. கப்பலைப் பிடிச்சு வைச்சிருக்கினம்."

"அப்ப பெடியனையும் பிடிச்சு வைச்சிருக்கினம். அகதிக் கேஸ் அடிச்சிட்டானோ?"

"அவன் ஊருக்குப் போகவேணும். தையிலை கலியாணம்."

கடைக்காரர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பல வருடத்து அனுபவம் உள்ளவர் சிரிக்கும் சிரிப்பு. "அண்ணை, எல்லாரும் முதல் அப்பிடித்தான் சொல்லுறது. நான் வந்து இறங்கின நேரம் என்ன சொன்னனான்? ரெண்டு வருசத்திலை திரும்பிப் போயிடுவன் எண்டனான். இப்ப பாருங்கோ, மூத்தவன் விட்பியிலை வீடு வாங்கிட்டான். நான் இதிலை நிண்டு கொத்து ரொட்டி அடிக்கிறன்."

இரண்டாவது பார்சலுக்குக் காசு வாங்கவில்லை.

இதை எழுதுவது அவரைக் குறை சொல்ல அல்ல. எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்கள் இந்த நாட்டுக்குள் வந்த கதவு ஒன்றுதான். அகதிக் கோரிக்கை கொடுத்து, லோயர் பிடித்து, மொழிபெயர்ப்பாளரை வைத்து, வழக்கு வெல்லும்வரை காத்திருந்து வந்தார்கள். தெரியாத ஊரில் மாட்டிக்கொண்ட தமிழன் ஒருவனைக் கண்டால் அவர்களுக்குச் செய்யத் தெரிந்த உதவியும் அதுதான். முதலில் சாப்பாடு. பிறகு லோயர்.

கிறிஸ்மசுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிபோல, கடைக்காரருடைய வான் வாசலில் வந்து நின்றது. அவரோடு ஒரு அங்கிள் வந்திருந்தார். அகதி வழக்குகளில் பல ஆண்டுகள் மொழிபெயர்த்து ஓய்வுபெற்றவர். நீண்ட கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தார். அவரை எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வானின் பின்பக்கத்தில் இடியப்பம், சொதி, மட்டன் கறி, நான்கு பேருக்கும் போதுமான அளவுக்கு இருந்தது.

மாப்பிள்ளையைக் கூண்டுக்கு வரச்சொன்னேன். சொதியின் மூடியைத் திறந்ததும் அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன தம்பி, பிடிக்காதோ?" என்றார் கடைக்காரர்.

"இல்ல அண்ணாச்சி. எங்க பக்கம் கல்யாணத்துக்கு மறுநாதான் சொதி வைப்பாவ. மாப்பிள்ளைக்கு."

"நாங்கள் ஒவ்வொரு நாளும் வைக்கிறம். இதை அட்வான்ஸ் எண்டு நினைச்சுச் சாப்பிடும்."

எல்லோரும் சிரித்தோம். மாப்பிள்ளை நன்றாகச் சாப்பிட்டார். அங்கிள் அவர் கைகழுவும்வரை காத்திருந்தார்.

"தம்பி, ஒண்டுக்கும் பயப்பிடாதையும். உம்மை ஒருத்தரும் திருப்பி அனுப்பேலாது."

"அனுப்பணும்னுதானே சார் நான் கேக்கேன்."

"விளங்குது, விளங்குது. ஊரிலை ஆராலும் பிரச்சினையோ? கடற்கரைப் பக்கம், பொலிஸ், கட்சி ஆக்கள்?"

"ஒரு பிரச்சினையும் இல்ல சார். மண்டபம்லாம் பேசியாச்சு."

அங்கிள் கடைக்காரரிடம் திரும்பி, மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "உது பயத்திலை சொல்லுறது. முதல் நாள் ஒருத்தரும் வாய் திறக்காயினம். எனக்குத் தெரியாததே?"

நான் சொன்னேன்: "அங்கிள், அவர் உண்மையாத்தான் சொல்லுறார்."

"உண்மையாத்தான் தம்பி சொல்லுவினம். பிறகுதான் மாறுறது."

அந்த நேரத்தில்தான் ஏஜென்டின் கார் வந்தது. கப்பலின் உள்ளூர் வேலைகளைப் பார்ப்பதற்கு உரிமையாளர் முன்பே அமர்த்தியிருந்த ஏஜென்ட். இப்போது நீதிமன்றத்துக்காக அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். உயரமான மனிதர், கையில் எப்போதும் கோப்பி. அன்று நல்ல செய்தியோடு வந்திருந்தார். நான்கு பேருக்கும் வீடு போக அனுமதி வந்துவிட்டது, புது வருடத்துக்கு முன்பே விமானம் என்று கூண்டின் ஜன்னல் வழியாக என்னிடம் சொன்னார். மாப்பிள்ளை அதற்குள் மற்றவர்களுக்கான சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்குப் போய்விட்டார். அவர் காதில் அந்தச் செய்தி விழவில்லை.

அங்கிள் கோட்டைச் சரிசெய்துகொண்டு ஏஜென்டிடம் போனார். நீதிமன்றங்களில் பழகிய ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். நான் ஜன்னலை மூடவில்லை.

"அந்த இளைஞருக்கான முழுப் பொறுப்பையும் எங்கள் சமூகம் ஏற்கிறது" என்றார்.

"எந்த இளைஞர்?"

"என்ஜினியர். அவர் எங்களுடைய பையன். லோயரிடம் பேசியிருக்கிறோம்."

"எதற்கு லோயர்?"

"அவருடைய கோரிக்கைக்கு."

"என்ன கோரிக்கை?"

"அவர் இன்னும் செய்யவில்லை" என்றார் அங்கிள்.

ஏஜென்ட் கோப்பியைக் காரின் மேல் வைத்தார். போனை எடுத்து எதையோ எழுதினார். அங்கிளின் பெயரைக் கேட்டு, எழுத்துக்கூட்டிச் சொல்லச்சொல்லி, அதையும் எழுதினார். பிறகு மிக மரியாதையாகக் கைகுலுக்கினார். அங்கிள் வானுக்குத் திரும்பி வரும்போது, "நல்ல மனிசன். குறிப்பெடுத்தவர்" என்றார்.

வெளிநாட்டு மாலுமி ஒருவர் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் மறைந்துவிட்டால் அதற்குக் கையெழுத்து வைத்தவர்தான் பதில் சொல்லவேண்டும். உரிமையாளர் இல்லாத கப்பலில் கையெழுத்து வைக்க ஏஜென்டைத் தவிர வேறு ஆள் இல்லை. மறுநாள் காலை என் மேசையில் இரண்டு வரி அறிவித்தல் இருந்தது. நாலாவது என்ஜினியர் கப்பலின் ஏணியைத் தாண்டி வரக்கூடாது. வந்தால் உடனே அறிவிக்கவும்.

ஏஜென்ட் வந்தபோது நான் அவரிடம் பேசினேன். அந்த மனிதருக்குக் கல்யாணம் இருக்கிறது, நாள் குறித்தாகிவிட்டது, போவதைத் தவிர அவருக்கு வேறு எண்ணமே இல்லை என்றேன்.

"முதலில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்" என்றார் ஏஜென்ட். பிறகு என் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்தார். "நீங்களும் அதே சமூகம்தானே?"

அன்று பிற்பகல் என் மேற்பார்வையாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, மாலுமிகளோடு தேவையில்லாத பேச்சு வேண்டாம் என்றார்.

ஆண்டின் கடைசி நாட்களில், ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் கால்வாயை வழக்கம்போலக் குளிர்காலத்துக்கு மூடினார்கள். அதே வாரத்தில் ஒரு சிறிய வான் வந்து மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனது. சமையல்காரர் ஏணியின் அடியில் நின்று மேலே பார்த்துக் கையசைத்தார். மாப்பிள்ளை மேலே கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றார். ஏஜென்டைக் கேட்டால் சட்டப்படி ஒரு பதில் இருந்தது: கப்பலில் ஒருவர் எப்படியும் இருக்கவேண்டும், ஜெனரேட்டர் தெரிந்தவர் இருப்பது நல்லது. பகலில் உள்ளூர் ஆள் ஒருவர் ஒரு மணி நேரம் வந்து கயிறுகளைப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நேரம் மாப்பிள்ளை தனியாக இருந்தார். ஜெனரேட்டரைக் கவனிக்கமாட்டேன் என்று மறுக்கவும் முடியாது. அது நின்றால் முதலில் குளிர்வது அவருடைய அறைதான்.

மாலுமிகளின் நலன் பார்க்கும் பெண் ஒருவர் இரண்டுமுறை வந்தார். எழுதியிருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்றார். கம்பளிக் காலுறைகள் கொடுத்தார்.

ஜனவரியில் ஏரி கரையோரமாக உறைந்தது. கப்பலைச் சுற்றி வெள்ளைத் தட்டு ஒன்று உண்டாகி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தடித்தது. காலையில் நான் வரும்போது மாப்பிள்ளை தளத்தில் சவளோடு பனி வழித்துக்கொண்டிருப்பார். விளக்கு அவருக்குப் பின்னால் எரியும். முகம் தெரியாது.

காவலாளி மணிக்கு ஒருமுறை துறையின் முழு நீளத்துக்கும் நடந்து வரவேண்டும் என்பது விதி. நடக்கும்போது எங்கே நிற்கக்கூடாது என்று விதியில் இல்லை. என் போனிலிருந்து இணையத்தைத் திறந்துவிட்டு ஏணியின் அடியில் போய் நின்றால், மேலே நிற்பவருக்குக் கிடைத்தது. நான் இரண்டடி விலகினால் அறுந்துபோனது. காலை எட்டு மணி. அவருடைய ஊரில் மாலை ஆறரை. அவர் பேசி முடிக்கும்வரை நான் அந்த இடத்தில் நிற்கவேண்டும். கையுறை போட்ட கையால் போனைக் காதில் வைக்க முடியாமல் அவர் ஒலியைக் கூட்டி வைத்துப் பேசுவார். ஆகவே பேச்சு என் காதிலும் விழுந்தது.

பொங்கலுக்கு முன் ஒருநாள் பெண்ணின் தகப்பனார் பேசினார். கோபமில்லாத குரல்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. எங்களுக்கு ஒரு தேதி சொல்லுங்க."

"சொல்லிருதேன் மாமா. இந்த வாரம் பேப்பர் வந்துரும்னு சொல்லுதாவ."

"அததான் போன வாரமும் சொன்னீங்க. கப்பல் நடுக்கடல்லயா நிக்கி?"

"இல்ல மாமா. கரையிலதான்."

"கரையில கட்டிப்போட்ட கப்பல்ல இருந்து எறங்க முடியலன்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்ல? நீங்களே சொல்லுங்க."

மாப்பிள்ளை போனைத் திருப்பினார். ஏணியைக் காட்டினார். உறைந்த தண்ணீரைக் காட்டினார். பிறகு போன் என் பக்கம் வந்தது. நான் அசையாமல் நின்றேன்.

"அந்தா கீழ நிக்காவளே, அவுக யாரு?"

"செக்யூரிட்டி மாமா."

"உங்களுக்குக் காவலா?"

"கப்பலுக்கு மாமா."

தகப்பனாருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "அங்க குளுரு எம்புட்டுன்னு கேளுங்கப்பா."

"மைனஸ் பதினாலு" என்றார் மாப்பிள்ளை. கேள்வியைத் தகப்பனார் திருப்பிக் கேட்கும்வரை காத்திருக்கவில்லை.

"யம்மாடி" என்றது குரல்.

அழைப்பு முடிந்தபின் அவர் போனைப் பைக்குள் வைத்துவிட்டு மேலிருந்தே கேட்டார்: "அண்ணாச்சி, கால் மரத்துப்போச்சா?"

"போச்சு."

"போய் ஹீட்டர்ல வைங்க. நான் எங்கயும் போவல."

கடைக்காரருக்கு நடந்ததை நான் சொல்லியிருந்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். அடுத்த வாரம் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, அங்கிளையும் கூட்டிக்கொண்டு ஏஜென்டின் அலுவலகத்துக்குப் போனார். மாப்பிள்ளைக்கு அகதிக் கோரிக்கை எதுவும் வேண்டாம், வீட்டுக்குத்தான் போகவேண்டும், நாங்கள் பிழையாக விளங்கிக்கொண்டோம் என்று அங்கிள் அதே நல்ல ஆங்கிலத்தில் விளக்கியிருக்கிறார். விமான நிலையம் வரை தாங்களே பின்னால் தங்கள் வானில் வருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. திரும்பவும் குறிப்பெடுத்தவர்." கடைக்காரர் பார்சலைக் கட்டினார். "வானைப் பின்னாலை கொண்டு வருவம் எண்டு சொன்னது பிழையாப் போச்சு போலை. அந்த நேரம் அங்கிளின்ரை முகத்தைப் பார்த்தவர்."

சொதிக்கு மூடியை இறுக்கி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையையும் சுற்றித் தந்தார். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் பார்சலை நான் ஏணியில் தொங்கிய கயிற்றில் கட்டிவிடுவேன். மாப்பிள்ளை மேலே இழுத்துக்கொள்வார். கயிறு இறங்கி ஏறுவதைப் பற்றி அறிவித்தலில் ஒன்றும் இருக்கவில்லை.

பொங்கலுக்குப் பிறகு அவர் இணையம் கேட்பது குறைந்தது. எட்டு மணிக்கு நான் ஏணியின் அடியில் போய் நின்றால், "இன்னிக்கு வேண்டாம் அண்ணாச்சி" என்று கையசைப்பார். சில நாட்கள் கல்யாணத்தைப் பற்றி நான் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். முகூர்த்தம் தை மாதக் கடைசியில் என்பது எனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையின் படத்தை டிசம்பரில் கூண்டில் உட்கார்ந்திருந்தபோது காட்டியிருக்கிறார். மஞ்சள் பின்னணி, இரண்டு பெயர்கள், மண்டபத்தின் பெயர் பெரிய எழுத்தில்.

முகூர்த்த நாளன்று காலை அவரே கையசைத்துக் கூப்பிட்டார். நான் போய் என் இடத்தில் நின்று போனைத் திறந்தேன். பெப்ரவரி வெயில் பனியில் பட்டுக் கண் கூசியது. அவருடைய அண்ணன் பேசினார். வழக்கத்துக்கு மாறாக மாப்பிள்ளை கையுறையைக் கழற்றிவிட்டு போனைக் காதில் வைத்துக் கேட்டார். "சரி" என்றார். "சரி, சரி, சாப்புட்டியா?" என்றார். வைத்துவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"நடந்துட்டு அண்ணாச்சி" என்றார் மேலிருந்து.

"என்ன நடந்தது?"

"கல்யாணம். அதே மண்டபம். அதே முகூர்த்தம். அவ அத்தை மவன். கோவில்பட்டில பேங்க்ல இருக்காவளாம். நல்ல ஆளுன்னு சொல்லுதான் அண்ணன்."

நான் பார்சலைக் கயிற்றில் கட்டினேன். அன்று இடியப்பமும் கத்தரிக்காய்க் கறியும். அவர் கயிற்றை இழுத்து, பையை அவிழ்த்து, மூடியைக் கொஞ்சம் திறந்து பார்த்தார்.

"சொதி இல்லையா?"

"இண்டைக்கு வைக்கேல்லையாம்."

"நல்லது." கையுறையை மறுபடி போட்டுக்கொண்டார். "ரெண்டாம் நம்பர் ஜெனரேட்டர்ல எண்ணெய் மாத்தணும். வாரேன் அண்ணாச்சி."

இரும்புக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் கூண்டுக்குத் திரும்பி ஹீட்டரில் காலை வைத்தேன்.

பதினொரு மணிபோல கப்பலின் விளக்குகள் அணைந்து, மறுபடி எரிந்தன.